அந்தோனியாருக்கு விழுந்த ஏச்சு

புத்தளம்
2019 மே 29

டெனிஷா,

'அன்புள்ள' என்று தொடங்கப் பார்த்தேன், கை வரவில்லை. பேரை மட்டும் எழுதியிருக்கிறேன். அதற்கே எனக்குப் பெரிய மனது வேண்டியிருந்தது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று யோசிப்பாய். எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஃபோனும் இல்லை. வாப்பாவைப் பிடித்த அன்றே பொலிஸ் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. உம்மாவின் பட்டன் ஃபோனைக்கூட விடவில்லை. பாஸ்வேர்ட் என்ன என்று கேட்டார்கள். "அதுக்கு அப்பிடி ஒண்டும் இல்ல சேர், அமத்தினா வேல செய்யும்" என்றார் உம்மா. எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. கற்பிட்டி வீட்டைப் பூட்டிவிட்டு, புத்தளத்தில் ரம்ஸியா சாச்சி வீட்டில் ஒண்டிக்கொண்டு இருக்கிறோம். விலாசம் உறையின் பின்பக்கத்தில் இருக்கிறது.

நடந்ததை முழுவதும் எழுதப் போகிறேன். நீ வேறு யாரிடமாவது வேறு மாதிரிக் கேட்டிருப்பாய்.

ஜனவரியில் நீ ஒரு வீடியோ எடுத்தாய். வலையில் மீன் படாத கிழமை. உங்கள் துறையில் உன் அப்பா, அந்தோனியார் சிலை இருக்கிற கெபிக்கு முன்னால் நின்று ஏசுகிறார். "டேய் அந்தோனி, உனக்குக் கண் பொட்டையா? மெழுகுதிரி தின்னத் தெரியும், மீன் காட்டத் தெரியாதா? நாளைக்கும் வலை வெறுமையா வந்தா உன்னத் தூக்கிக் கடல்ல போடுவன்!" படத்தில் அவருடைய முதுகுதான் தெரிகிறது. எதிரில் கூலர் லொறியில் சாய்ந்தபடி என் வாப்பா. மீன் வாங்க வந்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். தாடி, தொப்பி, பல் எல்லாம் நல்ல வெளிச்சத்தில். "சுஹைர் மாமா, இங்க பாருங்க" என்று நீதான் கூப்பிட்டாய். அவர் பார்த்தார்.

'அப்பாவுக்கும் அந்தோனியாருக்கும் சண்டை' என்று போட்டு ஃபேஸ்புக்கில் விட்டாய். நானும் சிரிக்கிற முகம் ஒன்று போட்டேன். உங்கள் கரையில் மீன் படாவிட்டால் படகுக்காரச் சம்மாட்டி புனிதருக்கு ஏசுவதும், பட்டால் மெழுகுதிரி கொளுத்தி மன்னிப்புக் கேட்பதும் எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். வெளியில் இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் வெடித்த குண்டுகளுக்குப் பிறகு யாரோ அதை எடுத்து, உன் அப்பாவின் முதுகு தெரிகிற பகுதியைப் படத்திலிருந்து வெட்டிவிட்டான். குரலை அப்படியே வைத்துக்கொண்டான். இப்போது பார்த்தால் என் வாப்பாவின் வாயிலிருந்துதான் அந்த ஏச்சு வருவது போல இருக்கிறது. மேலே சிங்களத்தில், 'எங்கள் புனிதரைத் தூற்றிச் சிரிக்கும் தீவிரவாதி. கண்டால் விடாதீர்கள்.' அவர்கள் விடவில்லை. சிலாபம் போகிற வழியில் ஒரு சந்தியில் லொறியை மறித்து, மீனை றோட்டில் கொட்டி, வாப்பாவை அடித்து, கடைசியில் பொலிஸிடம் கொடுத்தார்கள். பொலிஸ் அடித்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வாப்பாவை ரிமாண்டுக்கு அனுப்பியது.

எனக்கு உன்னிடமிருந்து அழுகையோ ஆறுதலோ வேண்டாம். உன் அப்பா பொலிஸுக்கு வந்து, "அந்தக் குரல் என்ர குரல்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வழக்கின் அடுத்த தவணை ஜூன் கடைசியில்.

ஃபஸ்னா


கற்பிட்டி
2019 ஜூன் 4

என் ஃபஸ்னா,

நீ அன்புள்ள போடாவிட்டால் என்ன, நான் போடுவேன். அன்புள்ள, அன்புள்ள, அன்புள்ள ஃபஸ்னா. உன் கடிதத்தைக் குசினிக்குள் நின்று படித்தேன். அம்மா வந்ததும் அரிசிப் பானைக்குப் பின்னால் செருகிவிட்டேன். களவு செய்தவள் மாதிரி இருக்கிறது.

அந்த வீடியோவை நான் பயத்தில் ஃபேஸ்புக்கிலிருந்தும் ஃபோனிலிருந்தும் அழித்துவிட்டேன். ஆனால் ஐயோ, அது என்னுடையதாக இருந்தால்தானே அழியும்? எங்கள் சொந்தக்காரர் ஒருத்தரே வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பியிருந்தார். 'இவனை உங்கட பக்கம் கண்டனீங்களா' என்று. எங்கள் கெபி, எங்கள் அப்பாவின் குரல், அதை எனக்கே அனுப்பிக் கேட்கிறார். குரல் அப்பாவுடையது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும் ஃபஸ்னா. சத்தியமாகத் தெரியும். அது அப்பாவின் குரல் என்று பதில் போட்டேன். அவர் பார்த்ததற்கு நீலக் கோடு மட்டும் விழுந்தது.

நான் என்ன பிழை செய்தேன் என்று இரவு பகலாக யோசிக்கிறேன். அப்பாவைச் சிரிப்பாகக் காட்டினேன், அவ்வளவுதான். நீ கோபிக்கலாம். ஆனால் நான்தான் வெட்டினேன், நான்தான் அடித்தேன் என்பது போல எழுதியிருக்கிறாய். அது எனக்கு நோகிறது.

அப்பாவிடம் கேட்டேன். அவர் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். இந்தக் கச்சான் காற்றுக்கு எங்கள் பக்கத்தில் கடல் இறங்க முடியாது, எல்லாரும் முல்லைத்தீவுப் பக்கம் வாடி அடித்து மீன்பிடிக்கப் போய்விட்டார்கள். அப்பா போகவில்லை. ஏன் என்றால் சொல்லவும் மாட்டார். பொலிஸுக்குப் போவீங்களா என்று நான் கேட்டதும், "போகத்தான் வேணும்" என்றார். அவ்வளவுதான். பிறகு ஃபாதரிடம் போனார். ஃபாதர், "ஊர் கொஞ்சம் தணியட்டும்" என்றாராம். மீனவர் சங்கத்துத் தலைவர், "நீ போய்ச் சொன்னா முழுத் துறைக்கும்தான் பேர் கெடும், புனிதருக்கு ஏசுறவங்கள் எண்டு" என்றாராம்.

அம்மாவைப் பற்றி எழுத எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நீர்கொழும்பில் கத்தரினா பெரியம்மாவின் மகள், மெலனி அக்கா, அந்த ஞாயிறு பூசைக்குப் போனவர். உனக்குத் தெரியும்தானே, எனக்குத் தையல் சொல்லித் தந்தவர். சவப்பெட்டியைத் திறக்கவே இல்லை. அம்மா அந்த மூடின பெட்டியைத் தடவித் தடவி அழுதுவிட்டு வந்தவர். வந்த நாளிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. அவரிடம் போய், "சுஹைர் மாமாவுக்காக அப்பாவைப் பொலிஸுக்கு அனுப்புங்கோ" என்று நான் எந்த வாயால் சொல்வேன்? ஒரு தரம் சொன்னேன். "அவங்கட ஆள் உள்ள இருந்தா அவங்களுக்கு நோகுது, என்ர ஆள் மண்ணுக்குள்ள" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

எனக்குக் கொஞ்சம் தவணை தா. நான் சரிப்படுத்துகிறேன்.

உன் டெனிஷா


புத்தளம்
2019 ஜூன் 9

டெனிஷா,

மெலனி அக்காவின் செய்தி எனக்குத் தெரியாது. உம்மாவிடம் சொன்னேன். உம்மா நெடுநேரம் துஆக் கேட்டுக்கொண்டிருந்தார். ரமழானுக்கு உங்கள் வீட்டுக்குக் கஞ்சி கொண்டு வரும்போதெல்லாம் ஜூலியானா மாமி பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார், அந்த மனுஷிக்கா இது என்று கேட்டார். இதை உன் அம்மாவிடம் சொல். எங்களுக்காகக் கேட்கச் சொல்லவில்லை. சும்மா சொல்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மெலனி அக்காவைக் கொன்றது என் வாப்பாவா?

தவணை கேட்டிருக்கிறாய். இங்கே தவணை கொடுக்கிறவர் நீதவான், நான் இல்லை.

போன கிழமை வாப்பாவைப் பார்க்க விட்டார்கள். தாடியை எடுத்திருக்கிறார்கள். முதலில் எனக்கு ஆள் மட்டுப்படவில்லை, வேறு யாரையோ பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்ட முதல் கேள்வியே உன் அப்பாவைப் பற்றி, "யாகப்பு வாடிக்குப் போயிட்டானா?" என்பதுதான். எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? "அவங்களுக்கென்ன வாப்பா, சுகமா இரிக்காங்க" என்றேன். "நல்லது" என்றார்.

முத்தலிபு சேரின் ஊடக வகுப்பு உனக்கு ஞாபகம் இருக்கா? 'அன்றாட வாழ்வில் தொழில்நுட்பமும் இணையத்தில் நமது பெயரும்' என்று கட்டுரை எழுதச் சொன்னார். 'நாம் எதைப் பதிவிடுகிறோமோ அதுவே நாம். நல்லதைப் போட்டால் நல்ல பெயர் தானாக வரும்' என்று எழுதி நீ எல்லாரையும்விடக் கூடப் புள்ளி எடுத்தாய். நானும் கை தட்டினேன். இப்போது கேள். என் வாப்பா எதையும் பதிவிட்டவர் இல்லை. அவருக்கு ஃபேஸ்புக்கே கிடையாது. மீன் விலை கேட்கவும் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கவும்தான் அவருக்கு ஃபோன். இருந்தும் இந்த நாட்டில் அவரைத் தெரியாத ஆள் இல்லை. அவருடைய பெயர் அவர் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. யார் கையில் இருக்கிறது என்று சேரிடம் கேட்க வேண்டும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். முன்பாவது ஊர் சின்னதாக இருந்தது.

அரசாங்கம் ஃபேஸ்புக்கைப் பூட்டிவைத்ததைப் பற்றியும் சொல்கிறேன். பூட்டினது எங்களுக்குத்தான். "இது பொய்" என்று ஒரு வரி போட எனக்கு வழி இருக்கவில்லை. பொய்யைப் போட்டவன் வீபீஎன் வைத்துப் போட்டுக்கொண்டே இருந்தான்.

இன்னொன்று. உங்கள் துறைச் சங்கம் இனிமேல் வாப்பாவுக்கு மீன் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்ததாம், அவருடைய 'பாதுகாப்புக்காக'. அவர் வெளியில் வந்தாலும் எந்த முகத்தோடு எந்தத் துறையில் நின்று மீன் வாங்குவார்? எங்களிடம் இருந்த சொத்து அந்தப் பெயர்தான். முதல் போட்டுத் தொடங்கவில்லை அவர். சுஹைர் நாநா நிறுவையில் கை வைக்க மாட்டார் என்ற பேச்சில்தான் தொடங்கினார்.

உன் அப்பா வருவாரா, மாட்டாரா? ஓம் இல்லை என்று எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

ஃபஸ்னா


கற்பிட்டி
2019 ஜூன் 16

ஃபஸ்னா,

ஓம். போனார்.

நீ வேறு ஒன்றும் எழுத வேண்டாம் என்றாய், ஆனால் நான் எழுதாமல் இருக்க மாட்டேன், உனக்குத் தெரியும்.

பதின்மூன்றாம் திகதி அந்தோனியார் திருநாள். இந்த முறை வேஸ்பர் ஆராதனையும் இல்லை, சோடனையும் இல்லை, பட்டாசும் இல்லை. கெபிக்குப் பக்கத்தில் ஆமிக்காரர் துவக்கோடு நின்றார்கள். நான் ஒரு யோசனை வைத்திருந்தேன். அப்பா முன்பு ஏசியது போலவே இன்னொரு தரம் ஏச வேண்டும், இந்த முறை நான் முகத்துக்கு நேரே நின்று எடுப்பேன். பார்க்கிறவர்களுக்கு யார் குரல் என்று கேள்வியே இருக்காது. அதைப் பொலிஸுக்கும் கொடுக்கலாம், ஃபேஸ்புக்கிலும் போடலாம். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்பாவும் சம்மதித்தார். ஆமிக்காரர் தேத்தண்ணிக்குப் போன நேரம் கெபிக்கு முன்னால் போய் நின்றார். நான் ஃபோனைப் பிடித்தேன். "டேய்" என்றார். அதற்குப் பிறகு வரவில்லை. திரும்பவும், "டேய் அந்தோனி" என்றார். வாய் கோணிப்போய்விட்டது. நான், "அப்பா, ஏசுங்கோ" என்றேன். எத்தனை தரம் சொன்னேன் என்று தெரியாது. அவர் அப்படியே மணலில் குந்திவிட்டார்.

"கொழும்பில அவர்ட கோயிலுக்கே குண்டு போட்டுட்டாங்கள் பிள்ள. கும்பிட வந்த சனம் அவர்ட காலடியிலேயே செத்துப்போச்சு. அந்த மனிசன் என்ன நிலையில நிக்கிறாரோ. நான் போய் மீனுக்கு அவரோட சண்டை பிடிக்கிறதா?"

நான் ஃபோனை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டேன். இவ்வளவு நாளும் அப்பா ஏசுவதைப் பகிடி என்றுதான் நினைத்திருந்தேன். அப்பா நிஜமாகவே அவரோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்த நாள் காலையில் பார்த்தேன், அப்பாவின் வெள்ளைச் சேட்டு அயர்ன் பண்ணிக் கதிரையில் போட்டிருந்தது. அம்மா குசினியில் நின்றார். முகத்தைத் திருப்பவில்லை. "போறதெண்டா வெள்ளன போங்க, வெயில் ஏறும்" என்றார். உன் உம்மா சொன்னதை நான் முதல் நாள் அவரிடம் சொல்லியிருந்தேன்.

பொலிஸில் நான் வெளியில், திறந்த கதவுக்கு எதிரே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். தமிழ் தெரிந்த ஒருத்தரைக் கூப்பிட்டார்கள். அப்பா, குரல் தன்னுடையது என்றார். அப்படியென்றால் சொல்லிக் காட்டு என்றார்கள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு செபம் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். அவர்கள் ஃபோனில் வீடியோவைப் போட்டுப் பார்த்துவிட்டு, இது அந்தக் குரல் இல்லை என்றார்கள். சத்தமாகச் சொல் என்றார்கள். அப்பா கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். போதாது, அதே மாதிரிக் கத்து என்றார்கள்.

ஃபஸ்னா, அப்பா கத்தினார். எனக்கு வெளியில் கேட்டது. றோட்டில் போன ஆட்களும் நின்று பார்த்தார்கள். உள்ளே யாரோ சிரித்தார்கள். கெபிக்கு முன்னால் வாய் திறக்க முடியாத மனிதன் பொலிஸில் மேசைக்கு முன்னால் நின்று அந்தோனியாருக்கு ஏசினார். முழுவதையும் ஏசினார், கடலில் தூக்கிப் போடுவேன் என்பது வரை.

சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். நான் உள்ளே போய் வாசித்தேன். 'புனிதரை அவமதித்துத் தூற்றியது நானே' என்று இருந்தது. அது அப்படி இல்லை என்று சொல்லப் போனேன். அப்பா என் கையைப் பிடித்து அமர்த்திவிட்டு ஒப்பம் போட்டார்.

தவணை அன்று கோட்டுக்கும் வருவார்.

டெனிஷா


புத்தளம்
2019 ஜூலை 7

அன்புள்ள டெனிஷா,

வாப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். வழக்கு இல்லை என்று விட்டுவிட்டார்கள். கோட்டு வாசலில் உன் அப்பாவும் என் வாப்பாவும் நேருக்கு நேர் நின்றதை நீ பார்த்திருப்பாய், நீ அந்த வேப்பமரத்தடியில் நின்றாய். என்னிடம் வரவில்லை. நானும் வரவில்லை. உம்மாவைச் சாட்டிக்கொண்டு நின்றேன். இப்போது யோசித்தால் எரிச்சலாக இருக்கிறது.

நீ எழுதியதை நான் வாப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். பொலிஸில் நடந்தது வந்ததும், "போதும் மகள், மடிச்சு வை" என்றார்.

இப்போது ஒரு நல்ல செய்தி. உம்மாவின் நாநா அலியார் மாமாவுக்கு வண்ணாத்திவில்லுப் பக்கத்தில் தெரிந்த ஒருத்தரின் தோட்டம் இருக்கிறது. வாப்பாவை அங்கே காவலுக்கும் மேற்பார்வைக்கும் விட்டிருக்கிறார்கள். முருங்கை, கச்சான் கடலை, கொஞ்சம் மிளகாய். கூலர் லொறியை விற்றுவிட்டோம். மீனைப் பற்றி அவர் பேசுவதில்லை. ஆனால் முந்தாநாள் நான் போனபோது வெள்ளன எழும்பி மிளகாய்க்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்துச் சிங்களப் பெரியவர் வேலிக்கு மேலால் கச்சான் கட்டு ஒன்றைத் தந்து, "சுஹைர் மல்லி" என்று தம்பி முறை வைத்துக் கூப்பிடுகிறார். அங்கே யாருக்கும் வாப்பாவைத் தெரியாது. தாடி இல்லை, தொப்பியும் போடுவதில்லை. சாதாரண ஒரு தோட்டக்காரர்.

பெயரை மீட்க வேண்டும் என்று நான் எத்தனை துள்ளுத் துள்ளினேன். வாப்பாவுக்கு மீட்ட பெயர் வேண்டாம் போல இருக்கிறது. பெயரே இல்லாமல் இருப்பது அவருக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு அது கவலைதான். ஆனாலும் அவர் தூங்குகிறார். அது போதும்.

உன் அப்பாவுக்கு எங்கள் வீட்டில் எல்லாரும் துஆச் செய்கிறோம்.

ஃபஸ்னா


கற்பிட்டி
2019 ஜூலை 24

என் ஆசை ஃபஸ்னா,

நீ அன்புள்ள போட்டுவிட்டாய்! அதைப் பார்த்ததும் அரிசிப் பானைக்குப் பின்னால் வைக்காமல் அம்மாவுக்கே காட்டினேன்.

இங்கே நிலைமை அவ்வளவு நல்லதில்லை. பொலிஸில் அப்பா ஒப்பம் போட்டது எப்படியோ வெளியில் வந்துவிட்டது. இப்போது அப்பாதான் 'அந்தோனியாரைத் தூற்றினவன்'. வருகிற வருடக் கொடியேற்றத்துக்கு அப்பா கொடி பிடிக்கக் கூடாது என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். தங்கள் வாயாலேயே புனிதருக்கு ஏசுகிறவர்கள்தான் இதைச் சொல்கிறார்கள். நான் கொதித்துப்போனேன். "சொல்லட்டும் பிள்ள, அது அவங்கட பயம்" என்கிறார் அப்பா. ஆனால் ஆள் மெலிந்துபோனார்.

ஆனால் பார், நான் சும்மா இருக்கவில்லை. நீ சொன்னாயே, பொய் போட்டவனுக்கு வழி இருந்தது, உனக்கு இருக்கவில்லை என்று. அது என் மனதில் குத்திக்கொண்டே இருந்தது. அப்பாவைக் கதிரையில் இருத்தி, நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்லி எடுத்தேன். இந்த முறை ஏசவில்லை, அமைதியாகச் சொன்னார். சிங்கள வரிகளை நானே போட்டேன், பிழை இல்லாமல். இடையில், ஓடித் திரிகிற அந்த வெட்டின வீடியோவிலிருந்து உன் வாப்பாவின் சிரித்த முகத்தையும் எடுத்துப் போட்டேன். 'இந்த முகத்தை நன்றாகப் பாருங்கள். இவர் ஒரு பிழையும் செய்யாதவர். அடி வாங்கி, தொழிலை இழந்து, இன்று வண்ணாத்திவில்லில் தோட்டக் காவலாளியாக இருக்கிறார்' என்று.

ஃபஸ்னா, அது ஓடுகிறது! சிங்களவர்கள் அழுது எழுதியிருக்கிறார்கள். கொழும்பிலிருந்து ஒரு பெண்பிள்ளை மன்னிப்புக் கேட்டிருக்கிறார். பகிர்ந்தவர்கள் அத்தனை பேர். என் கட்டுரை முழுப் பிழை இல்லை பார், பொய் ஓடிய அதே றோட்டில் உண்மையும் ஓடும். கொஞ்சம் பிந்தி ஓடும், அவ்வளவுதான்.

உங்களுக்கு ஃபோன் திரும்பி வந்ததும் பார். உன் வாப்பாவுக்குக் காட்டு. அவரிடம் கேட்காமல் போட்டேன் என்று ஏசாதே, ஆச்சரியமாக இருக்கட்டும் என்றுதான்.

உன் டெனிஷா


புத்தளம்
2019 ஜூலை 29

டெனிஷா,

அந்த வீடியோவை ஃபேஸ்புக்கிலிருந்து எடு. இந்தக் கடிதம் கிடைத்த உடனே எடு. ஏன் என்று இப்போது எழுத நேரம் இல்லை.

ஃபஸ்னா


கற்பிட்டி
2019 ஓகஸ்ட் 2

ஃபஸ்னா,

எடுத்துவிட்டேன்.

தபால்காரர் வாசலில் நிற்கும்போதே எடுத்தேன். ஆனால் நான் எடுத்தால் போதாது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு யூடியூப் சனலில் இருக்கிறது, அவர்கள் எடுக்க மாட்டார்களாம். இன்னொரு பக்கத்தில் பாட்டும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் எழுதிக் கெஞ்சினேன். ஒருத்தர், 'நல்ல விஷயம்தானே தங்கச்சி, ஏன் பயப்படுறீங்க' என்று கேட்கிறார்.

அப்பா ஏன் எடுத்தாய் என்றார். தெரியாது என்றேன். "நான் சொன்னது பிழையா?" என்று கேட்டார். இல்லை அப்பா, நீங்கள் சொன்னது சரி என்றேன். அவர் திரும்பவும், "அப்ப ஏன் எடுத்தனி?" என்றார்.

என்ன நடந்தது? யாராவது அடித்தார்களா? எழுது. ஏசி எழுது, பரவாயில்லை. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

டெனிஷா


புத்தளம்
2019 ஓகஸ்ட் 18

டெனிஷா,

யாரும் அடிக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ நல்லதுக்குத்தான் செய்தாய், அதுவும் எனக்குத் தெரியும். இதை எழுத இத்தனை நாள் எடுத்ததற்குக் காரணம், ஏசுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் இருந்ததுதான். இப்போதும் முடியவில்லை.

உன் வீடியோ வந்த மூன்றாம் நாள் கமராவோடு இரண்டு பேர் தோட்டத்துக்கு வந்தார்கள். வாப்பாவிடம், அடித்தது எப்படி என்று நடித்துக் காட்டச் சொன்னார்கள். வாப்பா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் இருந்துகொண்டார். பிறகு அவர் யார் என்று ஊரில் தெரிந்தது. உன் வீடியோவுக்குக் கீழே யாரோ பழையதையும் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறான். 'உண்மையான வீடியோ இதுதான், பணம் கொடுத்து மாற்றியிருக்கிறார்கள்' என்று. ஒரு நாள் கடைத்தெருவில் பாதிப் பேர் வாப்பாவைப் பார்த்துப் பாவம் என்றார்கள், மற்றப் பாதிப் பேர் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் இப்போதும் பேசுகிறார், ஆனால் மல்லி என்பதில்லை. தோட்டத்துச் சொந்தக்காரர் அலியார் மாமாவைக் கூப்பிட்டு மரியாதையாகத்தான் சொன்னார். "நல்ல மனிசன், எனக்குத் தெரியும். ஆனா நாலு சனமும் இருக்கிற இடம், எனக்குப் பிரச்சினை வேணாம்." மாதம் முடிய வாப்பா விலகுகிறார்.

ஒரு பொய்யை மறுக்க வேண்டுமென்றால் அந்தப் பொய்யைத் திரும்பவும் சொல்லித்தானே ஆக வேண்டும் டெனிஷா? நீ அந்த முகத்தை நன்றாகப் பாருங்கள் என்றாய். பார்த்தார்கள். நானும் இதைத்தான் உன்னிடம் கேட்டு நச்சரித்தேன். ஆனபடியால் உன்னை மட்டும் குற்றம் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு ஆகப் பெரிய ஆத்திரம்.

உன் அப்பாவிடம் சொல், அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் பிழை இல்லை. வாப்பா சொல்லச் சொன்னார். ஆனால் இனி யாரும் யாருக்காகவும் ஒன்றும் போட வேண்டாம். நன்றி என்றும் போட வேண்டாம். நாங்கள் அடுத்து எங்கே போகிறோம் என்று உனக்கு எழுத மாட்டேன். நம்பாமல் இல்லை. எழுதினால் நீ யாருக்காவது நல்லது செய்துவிடுவாய்.

நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். வாப்பாவும் நானும் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு தேத்தண்ணிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்கள் ஆள்தான், தங்கமான மனிதர், கதிரையைத் துடைத்துப் போட்டார். வாப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஃபோனை எடுத்து வந்து நீட்டி, "நாநா, இது நீங்கதானே? அந்தப் பாவப்பட்ட மனிசன்?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. தேத்தண்ணிக்குக் காசும் வேண்டாம் என்றார்.

வாப்பா ஃபோனை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். உங்கள் துறை, லொறி, அவருடைய சிரிப்பு. பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"அது நான் இல்ல" என்றார்.

கடைக்காரர் ஃபோனையும் வாப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓம் ஓம், வேற ஆள்தான்" என்று ஃபோனைத் தொட்டுக் காட்டினார். "இவர் நல்லாச் சிரிக்கிற மனிசன்."

ஃபஸ்னா